கலாவதியும் ஆறு வளையல்களும்

“வளையல், வளையல், வளையல்! ஆறு வருஷமா ஒரே ரெக்கார்டு. உனக்கு வாய் வலிக்கலைன்னாலும் எனக்குக் காது வலிக்குது பாரு!”

இது என் கணவர் மகாதேவன் சொன்னது. ஓர் எழுத்துகூட நான் மாற்றவில்லை. கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வது திருச்சி கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னடெட் எனக்குக் கொடுத்த பயிற்சி. கடைசியில் வருகிற ‘பாரு’வுக்கு மட்டும் விளக்கம் வேண்டும். என் பெயர் பார்கவி, கூப்பிடுவது பாரு. அவர் என்னைக் கூப்பிடுகிறாரா, எதையாவது பார்க்கச் சொல்கிறாரா என்பது கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகியும் தெளிவாகவில்லை. அதனால் இரண்டுக்குமே நான் திரும்புவதில்லை.

“காது வலிச்சா டாக்டர்கிட்ட போங்க. என் வளையல் எங்கே?”

“வாங்கித் தர்றேன்னு சொன்னேன்ல?”

“எப்போ?”

“தீபாவளிக்கு.”

“எந்த தீபாவளிக்கு? வருஷம் போட்டுச் சொல்லுங்க.”

அவர் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு கராஜுக்குப் போய்விட்டார். வாக்குவாதத்தில் தோற்றால் கராஜுக்குப் போவது அவர் வழக்கம். எங்கள் வீட்டிலேயே அதிகம் தேய்ந்த கதவு அதுதான்.

விஷயம் இதுதான். ஆறு வருஷம் முன்னால் மெல்போர்னில் இருந்தோம். ஆபீஸ் இவரைச் சிட்னிக்கு மாற்றியது. பென்டில் ஹில்லில் வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும். “கையில காசே இல்லை பாரு” என்று கண் கலங்கினார். நானும் மடச்சி மாதிரி நாலு வளையலைக் கழற்றிக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் ஒரு பவுன். அங்கேயே விற்று ஆயிரத்து எழுநூறு டாலர் வாங்கி வந்தார். தீபாவளிக்குள் அதே மாதிரி நாலு வளையல் என்று வாக்கு. ஆறு தீபாவளி வந்தது. ஆறு டப்பா மிக்சரும் வந்தது. அடுத்த மாதம் பக்கத்து வீட்டு சயந்தினி அக்கா மகளுக்குக் கல்யாணம். பிளாஸ்டிக் வளையல் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நிற்கச் சொல்கிறாரா?

துவைத்த துணியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். சண்டையைத் தொடர அல்ல. எங்கள் வீட்டில் துணி காய்வது கராஜில் இருக்கும் துடுப்பு மெஷின்மேல்தான். உட்கார்ந்த இடத்திலேயே துடுப்புப் போடுகிற உடற்பயிற்சி மெஷின். மெல்போர்ன் ஆபீஸ் ராஃபிள் குலுக்கலில் இவருக்கு விழுந்தது. ஒரே ஒரு நாள் துடுப்பு வலித்தார். மறுநாள் முதுகு வலித்தது. அன்றிலிருந்து அதில் சட்டைகள்தான் படகு விடுகின்றன.

கதவருகே நின்றேன். உள்ளே போனில் குசுகுசு.

“இன்னும் ஒம்பது நாள்தான் அண்ணே... ஆறு வருஷமா மறைச்சு வச்சிருக்கேன்... பாருவுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்... கலாவதிக்காகத்தான் அண்ணே காத்துக்கிட்டிருக்கேன்.”

துணிக்கூடை கீழே விழுந்தது.

“யாருங்க அந்தக் கலாவதி?”

அவர் துள்ளிய துள்ளலில் துடுப்பு மெஷினே ஒரு தடவை வலித்துக்கொண்டது.

“கலாவதியா? கலாவதி யாருமில்லை பாரு!”

“நான் பார்க்கறது அப்புறம். ஒம்பது நாள்ல வர்றவ யாரு?”

“அது கலாவதி இல்லை. காலாவதி. கா... கா! நெடில்!”

“குறிலோ நெடிலோ, எந்த ஊர்க்காரி?”

“மெல்போர்ன்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, தானே வாயைப் பொத்திக்கொண்டார்.

பதினைந்து வயது மகள் மிருணாளினி எட்டிப் பார்த்து, “அப்பா, ஹூ இஸ் கலாவதி?” என்றாள். அதோடு மனிதர் உடைந்துபோனார். பழைய பெயின்ட் டப்பாவுக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

சிஸ்டர் பெர்னடெட் எதையும் இரண்டு தடவை படிக்கச் சொல்வார். நான் மூன்று தடவை படித்தேன். அது ஒரு கடன் வசூல் கம்பெனியின் கடிதம். மெல்போர்னில் இவர் எடுத்த கிரெடிட் கார்டில் நாலாயிரத்து முன்னூற்று எண்பது டாலர் பாக்கி. வட்டி குட்டி போட்டு இப்போது ஏழாயிரத்துத் தொள்ளாயிரம். இரண்டாம் பக்கத்தில் வாங்கிய சாமானின் விவரம். முதல் வரியே துடுப்பு மெஷின்.

“ராஃபிள்ல விழுந்ததுன்னீங்களே?”

“விழுந்துச்சு பாரு. கார்டுல விழுந்துச்சு.”

“நான் வளையலைக் கழட்டின அன்னிக்கு இது வீட்டுல இருந்துச்சா?”

“நீதானே இதுமேல உக்காந்து கழட்டின.”

ஒரு கலாவதியாக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். இரண்டு அறை, நாலு நாள் மௌனம், முடிந்தது. ஒரு மெஷினுக்காக என் கையை மொட்டையடித்தவரை என்ன செய்வது?

“சரி, கட்டறதுக்குக் காசு?”

“எட்டாயிரம் தனியா சேர்த்து வச்சிருக்கேன். மாட்டிக்கிட்டா கட்டிடலாம்னு.” முகம் திடீரென்று மலர்ந்தது. “ஆனா மாட்ட மாட்டேன் பாரு! ஒம்பது நாள் தாண்டிட்டா ஒரு பைசா கட்ட வேண்டாம். அந்தக் காசுல ஒரு கயாக் வாங்கப் போறேன். பரமட்டா ஆத்துல நிஜமாவே துடுப்புப் போடலாம்.”

எட்டாயிரம் டாலர் கையில் இருக்கிறது. என் வளையலுக்கு அல்ல. படகுக்கு!

அதற்குள் போனின் மறுமுனையில் இருந்தவர் நேரிலேயே வந்துவிட்டார். விக்னராஜா அண்ணன், சயந்தினி அக்காவின் கணவர். ரிட்டயர்ட் ஆனபின் ஜே.பி. ஆகியிருக்கிறார். ஊரார் பத்திரங்களில் போடும் கையெழுத்துக்கு இலவசமாகச் சாட்சி நின்று முத்திரை குத்துகிற பதவி. அந்த ரப்பர் முத்திரை சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். சட்டம் அதற்கும் மேலே, நாக்கு நுனியில் இருக்கும்.

“ஒரு கதிரை தாங்கோ தங்கச்சி, விளங்கப்படுத்திறன்” என்று உட்கார்ந்தார். “கடைசியாக் காசு கட்டின நாளில இருந்து ஆறு வருஷம். அதுக்குள்ள அவங்கள் கோர்ட்டுக்குப் போகேல்லையெண்டால் நியூ சவுத் வேல்ஸில கடன் செத்துப்போகும். காலாவதி. செத்தது செத்ததுதான். பிறகு நீங்கள் கடிதம் எழுதினாலும் உயிர் வராது.”

“கேட்டியா பாரு?”

“பொறுங்கோ தம்பி. ஆறு வருஷம் முடியிறதுக்கு முந்தி ஒரு டொலர் கட்டினாலோ, ‘ஓம், நான்தான் வாங்கினனான்’ எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சாலோ சரி, கணக்குத் திரும்ப முதல்ல இருந்து. ஒண்டையும் ஒப்புக்கொள்ளப்படாது.”

கல்யாணமான நாளிலிருந்து ஒரு தப்பைக்கூட ஒப்புக்கொள்ளாத மனுஷன். அதையே அரசாங்கம் சட்டமாகப் போட்டிருக்கிறது என்று கேட்டதும் அவர் முகத்தில் வந்த ஒளியை நான் எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை.

“எல்லா ஊர்லயும் ஆறு வருஷம்தானா அண்ணே?”

“இல்லை. டார்வின் பக்கம், நோர்தேர்ன் டெரிட்டரியில, மூண்டு வருஷம்தான்.”

“மூணா! பாரு, நாம டார்வின்ல குடியிருந்திருக்கலாம். மூணு வருஷம் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.”

“முதலை இருக்கும்” என்றேன் நான்.

“முதலை கடிதம் போடாதே.”

நான் இடுப்பில் கை வைத்தேன். “உங்க கடன் எக்கேடும் கெட்டுப்போகட்டும். என் வளையல்?”

என் கணவர் விரல்விட்டு எண்ணினார். ஒரு தடவை விக்னராஜா அண்ணனைப் பார்த்தார். பிறகு, நீதிபதி தீர்ப்புச் சொல்கிற மாதிரி தொண்டையைச் செருமினார்.

“வளையல் வித்தது பிப்ரவரி. இது மார்ச். ஆறு வருஷம் போன மாசமே தாண்டிடுச்சு. பாரு, உன் வளையலும் காலாவதி!”

விக்னராஜா அண்ணன் தரையைப் பார்த்தார். நான் கீழே கிடந்த துணியைப் பொறுக்கி உதற ஆரம்பித்தேன். நான் சண்டையைப் பாதியில் விட்டுத் துணி உதறுவது எவ்வளவு ஆபத்து என்று மிருணாளினிக்குத் தெரியும். அவள் மெதுவாக மாடிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து இவருடைய நவராத்திரி ஆரம்பமானது. ஒன்பது நாள், மார்ச் மாதத்தில், கொலு பொம்மை இவரே. வாய் திறக்கவில்லை, பேனா தொடவில்லை. மிருணாளினியின் ஸ்கூல் டூர் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். “அது டாரோங்கா ஜூவுக்கு அப்பா! தே ஆர் நாட் கோயிங் டு சூ யூ!” என்று அவள் கத்தினாள். “எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாதும்மா” என்று இவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆபீஸில் யாருக்கோ பிறந்தநாள் அட்டை சுற்றி வந்திருக்கிறது. எல்லாரும் பெயர் எழுதினார்களாம், இவர் ஒரு பலூன் வரைந்து கொடுத்திருக்கிறார். ஒருநாள் போன் வந்தது. குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, “மகாதேவன் இங்கே இல்லை, நான் அவர் சித்தப்பா” என்றார். போன் செய்தது பல் டாக்டர் ஆபீஸ். ஊரிலில்லாதவருக்கு எதற்கு என்று அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்துவிட்டார்கள். மீதி நாளெல்லாம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே கொலுவிருந்தார்.

நாலாம் நாள், அவர் ஆபீஸ் போனதும், கடன் தொல்லைக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிற எண்ணுக்கு நான் போன் போட்டேன். விக்னராஜா அண்ணன் சொன்னால் எனக்கு வேதவாக்கா? ஒரு சின்னப் பெண் பேசினாள். நல்ல பொறுமை. நான் கொட்டியதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“கார்டு எந்த மாநிலத்தில் எடுத்தது?”

“மெல்போர்ன். ஆனா இப்போ சிட்னியிலதான் இருக்கோம்.”

இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது பெரிதில்லை, கடன் எங்கே ஏற்பட்டது என்பதுதான் முக்கியம், அநேகமாக விக்டோரியா சட்டம்தான் செல்லும் என்றாள். அங்கேயும் ஆறு வருஷம்தான். ஆனால் விக்டோரியாவில் கடன் சாவதில்லையாம். கோர்ட்டுக்கு இழுத்தால் ‘காலம் கடந்துவிட்டது’ என்று சொல்லித் தப்பிக்கலாம், அவ்வளவுதான். கடன் அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கும்.

“தூங்குதுன்னா, எழுப்ப முடியுமா?”

“முடியும். கடன் வாங்கியவர் கொஞ்சம் காசு கட்டினாலோ, கடன் கொடுத்தவருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டாலோ மறுபடி ஆறு வருஷம்.”

“ஆறு வருஷம் முடிஞ்சப்புறமா?”

“முடிந்த பிறகும்.”

போனை இன்னும் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

“இது கார்டுக்கு மட்டும்தானா? வேற கடனுக்கும் உண்டா?”

“பொதுவாக மற்ற கடனுக்கும் உண்டு. உங்களுக்கு வேறு கடன் இருக்கிறதா?”

“எனக்கு இல்லம்மா. எனக்கு வரவேண்டியது இருக்கு.”

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என் மொட்டைக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நாலு வளையலும் எங்கே கழன்றன? மெல்போர்னில். எங்கே விற்றன? மெல்போர்னில். செத்துப்போகவில்லை. துடுப்பு மெஷின்மேல் சட்டை மாதிரி சும்மா தொங்கிக்கொண்டிருக்கின்றன. தேவை ஒரு கடிதம், ஒரு கையெழுத்து. பலூன் வரைகிற மனுஷனிடமிருந்து!

அன்று சாயங்காலம் வெங்காய பஜ்ஜி போட்டேன். பல்வலிக்காரர் ஒரு பக்கமாக மென்றார்.

“ஏங்க, ஒரு சின்ன பயம்.”

“என்ன பயம்?”

“இன்னும் அஞ்சு நாள் இருக்கே. அதுக்குள்ள அவங்க கோர்ட்டுக்குப் போயிட்டா?”

பஜ்ஜி பாதியில் நின்றது. இதை அவர் யோசித்தே பார்க்கவில்லை என்பது தெரிந்தது.

“போயிட்டா?” என்றார் மெதுவாக.

“போயிட்டா நம்ம கஷ்டத்தைக் காட்டணும். ஏற்கெனவே தலைக்குமேல வேற கடன் இருக்குன்னா மாசம் அம்பது டாலர் கட்டுன்னு விட்டுடுவாங்களாம். இல்லைன்னா எட்டாயிரத்தையும் ஒரே அடியா எடுத்துடுவாங்க. கயாக் போச்சு.”

“நமக்கு வேற கடன் ஏது? வீட்டுக் கடன்கூட இல்லையே!” ஒரு மனுஷன் கடனில்லை என்று இப்படி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

“என் வளையல் இருக்கே.”

“அதுதான் செத்துப்போச்சே.”

“செத்ததை எழுதி வச்சா என்னங்க நஷ்டம்? எனக்கு நீங்க கடன்பட்டிருக்கறதா ஒரு லெட்டர். பீரோவுல கிடக்கட்டும். கேட்டா எடுத்துக் காட்டலாம்.”

சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் யாரும் எதையும் எழுதக் கூடாது என்பதுதானே விரதம்! பஜ்ஜித் தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன்.

“எழுதினா உயிர் வந்துடாது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு தானே பதிலும் சொன்னார். “வராது. விக்னராஜா அண்ணன் சொல்லியிருக்கார். ஆறு வருஷத்துக்கு முந்தி எழுதினாத்தான் ஆபத்து. உன்னுது போன மாசமே போய்ச் சேர்ந்துடுச்சு. செத்தது செத்ததுதான்!” அவரே வாதாடி அவரே ஜெயித்துவிட்டார். நான் என்ன செய்வது?

பேனா வந்தது. என் கணவர் எழுதினார். எனக்கு அவர் எழுதிய முதல் கடிதம். நிச்சயமானபின் எட்டு மாதம் சென்னைக்கும் திருச்சிக்குமாக இருந்தபோதுகூட ஒரு வரி எழுதவில்லை. எல்லாம் மிஸ்டு கால்தான்.

‘அன்புள்ள பாரு’ என்று ஆரம்பித்தவர் நிமிர்ந்தார். “நாலு வளையல்னா ரொம்ப அற்பமாத் தெரியும். பாவமாவே இல்லை. ஆறுன்னு போடறேன்.”

“நாலுதானேங்க. பொய் சொல்லலாமா?”

“நீ சும்மா இரு. இதெல்லாம் உனக்குத் தெரியாது.”

சும்மா இருந்தேன். பொய் சொல்லக் கூடாது என்று சிஸ்டர் பெர்னடெட் சொல்லிக்கொடுத்திருக்கிறார். புருஷன் சொல்கிற பொய்யை இரண்டாம் தடவை தடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

‘உன்னுடைய ஆறு தங்க வலையல்களை, ஒவ்வொன்றும் ஒரு பவுன்...’

எட்டிப் பார்த்தேன். வலை நான் விரித்தது. இவர் அதையே எழுதிக்கொண்டிருக்கிறார்.

“பெரிய ‘ள’ போடுங்க.”

“எந்த ‘ல’வா இருந்தா என்ன? யார் பார்க்கப் போறா?”

“கோர்ட்டுல பார்ப்பாங்க.”

திருத்தினார். முடிவில் கடிதம் இப்படி இருந்தது:

‘அன்புள்ள பாரு, உன்னுடைய ஆறு தங்க வளையல்களை, ஒவ்வொன்றும் ஒரு பவுன், மெல்போர்னில் உன்னிடம் வாங்கி விற்றேன். அதே அளவில் ஆறு வளையல்கள் உனக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் இன்றும் எனக்கு இருக்கிறது. என்றும் உன், மகாதேவன்.’

‘என்றும் உன்’ நான் சொல்லி எழுதியது அல்ல. எழுதுகிற வேகத்தில் தானாக வந்தது. அந்த ஒரு வினாடி எனக்கே கொஞ்சம் மனசு இளகியது. கயாக்கை நினைத்துக்கொண்டேன். சரியாகிவிட்டது.

தேதி போட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய் விக்னராஜா அண்ணன் முன்னால் கையெழுத்தும் போட்டார். அண்ணன் கடிதத்தை ஒரு முறை படித்தார். வாயைத் திறந்தார். சயந்தினி அக்கா, “இஞ்சருங்கோ, முத்திரையைக் குத்துங்கோ. தேத்தண்ணி ஆறுது” என்றாள். முத்திரை விழுந்தது. அக்காவுக்கு மதியமே எல்லாம் சொல்லிவிட்டேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது நாள் கழிந்தது. கோர்ட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாள் என் கணவர் குளித்து, பட்டை போட்டுக்கொண்டு, வசூல் கம்பெனிக் கடிதத்தை மேஜையில் வைத்து அதன்மேல் ஒரு பூவும் வைத்தார். கடன் செத்ததற்குப் பத்தாம் நாள் காரியமாம். வடை, பாயசம் என்று எனக்கு உத்தரவு. அண்ணனும் அக்காவும் விருந்தாளிகள். பாயசத்தைக் கையில் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

“இன்னியோட நான் சுதந்திர மனுஷன். மஞ்சள் கலர் கயாக் பார்த்து வச்சிருக்கேன். ரெண்டு பேர் உக்காரலாம். பாரு, நீயும் வரலாம்.”

“வர்றேன். கையில வளையல் போட்டுக்கிட்டு வர்றேன்.”

“மறுபடியும் வளையலா? அதுதான் செத்துப்போச்சே!”

“ஏங்க, உங்க கார்டு எங்கே பிறந்தது?”

“மெல்போர்ன்ல.”

“என் வளையல் எங்கே போச்சு?”

“மெல்போர்ன்ல. அதுக்கென்ன?”

“மெல்போர்ன் கடன் சாகாது. தூங்கும்.” போனில் அந்தப் பெண் சொன்னதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் சொன்னேன். பிறகு பீரோவைத் திறந்து கடிதத்தின் நகலை எடுத்துக் காட்டினேன். அசல் சயந்தினி அக்கா கைப்பையில் இருந்தது. “இது நீங்களே தட்டி எழுப்பினது. எழுத்து, கையெழுத்து, தேதி, முத்திரை. இன்னும் ஆறு வருஷத்துக்கு இது தூங்காது. நானும் தூங்க விடமாட்டேன்.”

பாயச டம்ளர் மெதுவாக மேஜைக்கு இறங்கியது.

“அண்ணே!” என்று விக்னராஜா அண்ணன் பக்கம் திரும்பினார். “செத்தது செத்ததுன்னு சொன்னீங்களே!”

“நான் நியூ சவுத் வேல்ஸைச் சொன்னனான். நீங்கள் மெல்போர்ன் எண்டு எனக்குச் சொல்லேல்லையே.”

“லெட்டரைப் படிச்சப்போ தெரிஞ்சிருக்கும்ல? அதுல மெல்போர்ன்னு எழுதியிருக்கே! அப்போவாவது சொல்லக் கூடாதா?”

“நான் ஜே.பி. ஐசே. முத்திரை குத்தலாம், சட்டம் சொல்லப்படாது.” ஒன்பது நாளாகச் சட்டம் தவிர வேறெதுவும் பேசாத வாய், வடையால் தன்னை அடைத்துக்கொண்டது.

“பாரு, அது சும்மா எழுதினது! அதுவும் நாலுதான், ஆறு இல்லை!”

“அதை ஒப்புக்கறீங்களா?”

“ஒப்பு...” நாக்கைக் கடித்துக்கொண்டார். பல்வலிப் பக்கம்.

“சரி, தர முடியாது. என்ன பண்ணுவே? சொந்தப் புருஷன்மேல கேஸ் போடுவியா?” என்றார் கடைசி வீரத்தோடு.

“சேச்சே. நான் ஏன் கேஸ் போடறேன்?” நான் என் போனை எடுத்தேன். எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கும் பேங்க் கணக்கைத் திறந்தேன். வசூல் கம்பெனிக் கடிதத்தின் கீழே, எங்கே காசு கட்டவேண்டும் என்று எண் போட்டிருக்கிறதே, அதை ஒவ்வொன்றாக அழுத்தினேன். “உங்க கார்டும் மெல்போர்ன் குழந்தைதான். பாவம், இப்போதான் தூங்கியிருக்கு. நாம எந்த மொய்க்கும் ஒரு டாலர் சேர்த்து வைக்கறது வழக்கம். இவங்களுக்கும் ஒரு டாலர் வச்சுடலாமா?”

“பாரு!”

இந்தத் தடவை அது என்னைக் கூப்பிட்டதுதான். சந்தேகமே இல்லை.

“அமுக்கிடாதே பாரு! விரலை எடு! மிருணா, அம்மா விரலைப் பிடி!”

மிருணாளினி பாயசத்திலிருந்து தலை தூக்கினாள். “அப்பா, ஜஸ்ட் பை தி பேங்கிள்ஸ்.”

ஞாயிற்றுக்கிழமை வென்ட்வொர்த்வில்லில் ஒரு நகைக்கடை. சாட்சிக்கு அண்ணனும் அக்காவும் வந்திருந்தார்கள். கடிதத்தில் டாலர் எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை. வளையல் என்றுதான் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு பவுன். ஆறு வருஷத்தில் தங்கத்துக்கும் வயசாகியிருக்கிறது. இரண்டரை மடங்கு. ஆறு வளையல், செய்கூலி எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து நூற்று நாற்பது டாலர். கார்டுக்காரன் கேட்டதைவிட இருநூற்று நாற்பது அதிகம். என் கணவர் அதைக் கால்குலேட்டரில் மூன்று தடவை போட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் அதேதான் வந்தது. எட்டாயிரத்தைக் கொடுத்துவிட்டு, மீதிக்குப் பர்ஸைத் தலைகீழாக உதறினார். கயாக் கடையின் விளம்பரச் சீட்டு ஒன்றும் விழுந்தது. கடைக்காரம்மா அதை மரியாதையாக எடுத்து அவரிடமே கொடுத்தாள்.

“ரசீதுல சார் ஒரு கையெழுத்துப் போடணும்” என்றாள்.

போட்டார். பலூன் இல்லை, முழுக் கையெழுத்து.

நான் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டேன். இடது கையில் மூன்று, வலது கையில் மூன்று. கையை ஆட்டினேன். அடடா, ஆறு வருஷம் கழித்து அந்தச் சத்தம்! சயந்தினி அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மிருணாளினி போட்டோ எடுத்தாள். விக்னராஜா அண்ணன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு கூரையில் சுற்றுகிற மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மூலையில் போட்டிருந்த நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கை.

“பாரு” என்றார். “டார்வினுக்கு டிக்கெட் எவ்வளவுன்னு கொஞ்சம் பாரு.”